நாற்பது ஏக்கரும் பத்து சென்ட்டும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சாமிநாதா,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். வேலந்தாவளம் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து கத்திக்கொண்டோமே, அந்தக் கோபம் என்று நினைத்துவிடாதே. அது அன்றைக்கு ரசம் வருவதற்குள் போய்விட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். தென்னையில் வெள்ளை ஈ. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டையிட்டுத் தோற்ற தெற்கத்தித் தலைவர்களைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று நீ அன்று இலையைத் தட்டித் தட்டிச் சொன்னாய். ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த போருக்குக் காரணமானவர்களைச் சும்மா விடுவதா என்று கேட்டாய். நான் ஜெயித்த வடக்குப் படைத் தளபதி கிராண்ட் பக்கம் நின்றேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. 1865 ஏப்ரல் 9, வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸில் தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்தபோது, சொந்தக் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்திருந்த வீரர்கள் அவற்றை ஊருக்கு ஓட்டிப்போகலாம் என்று கிராண்ட் சொன்னார். விதைப்புக் காலம், உழ வேண்டும் அல்லவா? பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்குச் சாப்பாடு அனுப்பினார். தன் ஆட்கள் வெற்றி வேட்டுப் போட்டதையும் நிறுத்தச் சொன்னார். தோற்றவனிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். முப்பது வருஷம் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

போன வாரம் திண்ணையில் பாடம் நடக்கும்போது, கள்ளுக்கடை முக்கிலிருந்து வரும் பெண் (பத்தாவது, உனக்குத் தெரியும், பாட்டி நாற்று நடுவாள்) குறுக்கே கேட்டாள்: "சார், அடிமையா இருந்தவங்களுக்கு என்ன கொடுத்தாங்க?" 1865 ஜனவரியில் வடக்குத் தளபதி ஷெர்மன் போட்ட உத்தரவைச் சொன்னேன். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடற்கரையில் முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. நாற்பதாயிரம் பேர் போய்க் குடியேறினார்கள். அப்புறம் மே மாதம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் தெற்கத்தியருக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார், மன்னிப்பு வாங்கிய பழைய முதலாளிகளுக்கு நிலமும் திரும்பிப் போனது. இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன்.

"பட்டயம் கொடுத்துட்டுத் திரும்பப் பிடுங்கிட்டாங்களா சார்?" என்றாள்.

சாமிநாதா, அந்தப் பெண்ணின் வீடு நிற்பது குடிகிடப்பில், அதாவது அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கான உரிமையில், கிடைத்த பத்து சென்ட்டில். 1970-இல் சட்டம் வந்த பிறகு அவள் பாட்டி வாங்கியது. பட்டயத்தை பிஸ்கட் டப்பாவில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள் அந்தக் கிழவி. மழை ஒழுகினால் முதலில் டப்பாவைத்தான் தூக்குவாள். ஜென்மியை, அந்தப் பழைய நிலச்சுவான்தாரை, மன்னித்தாகிவிட்டது, நீ டப்பாவைக் கொடுத்துவிட்டு இறங்கு என்று யாராவது அவளிடம் சொன்னால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் இதைத்தான் சொன்னார்கள். 1865 அக்டோபரில், விடுதலையான அடிமைகளுக்கான அரசாங்க இலாகாவின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட் நேரில் போய், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், பழைய எஜமானர்களை மன்னியுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், போரில் வலது கையை இழந்தவர். தீவுக்காரர்கள் அவருக்கு எழுதிய பதிலைத் தேடிப் படித்தேன். நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 அடி அடித்தவனை, என் தாயையும் சகோதரியையும் துணியுரிந்து அடித்தவனை, எனக்கு நிலம் கிடைக்கவிடாமல் மற்றவர்களோடு சேர்ந்து தடுப்பவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று கேட்டிருக்கிறார்கள்.

கிராண்ட் விட்டுக்கொடுத்தது, ஜெயித்தவராக அவர் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய குதிரைகளை. ஜான்சன் விட்டுக்கொடுத்தது அடுத்தவனின் வயலை. இரண்டையும் நான் ஒரே பெயரில், பெருந்தன்மை என்று, இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். தெற்கத்தியரின் ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் இரண்டு வருஷம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார், கடைசி வரை வழக்கே நடக்கவில்லை. அது எனக்கு இப்போதும் உறுத்தவில்லை. ஆனால் அதே 1865 முடிவதற்குள் மிசிசிப்பியில் சட்டம் போட்டார்கள்: வேலை இல்லாமல் திரிகிற கறுப்பரைப் பிடித்து அபராதம் போடலாம், கட்ட முடியாவிட்டால் கூலிக்கு விடலாம். நிலம் இருந்திருந்தால் அவனை எப்படிப் பிடித்திருப்பார்கள், சொல்?

ஆகவே நீ கேட்ட தூக்குக் கயிற்றுக்கு நான் இன்னும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அன்று உன்னிடம் அவ்வளவு அடித்துப் பேசியிருக்கக் கூடாது. நாம் இரண்டு பேரும் தோற்றவனைப் பற்றியே பேசினோம். அந்த நாற்பதாயிரம் பேர் நம் பந்தியில் இல்லவே இல்லை.

ஒரு உதவி. சித்தூர் கல்லூரியில் நாம் எழுதிய நோட்டு உன் பரணில் இருக்கும், நீ எதையும் தூக்கிப் போடாத ஆள். அதில் இந்த நிலத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்த்து எழுது. வெள்ளிக்கிழமை அவளுக்கு மறுபடியும் பாடம் இருக்கிறது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
வேலு