பெக்கோ பாதையில் எங்களுக்கு இடம் தந்தவர்களுக்கு

மதிப்புக்குரிய மலையக உறவுகளுக்கு,

இலங்கையின் தேயிலை மலைகளூடே நடந்து செல்வதற்கான பெக்கோ பாதை, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. அதை நாங்கள் நடந்து முடித்தது உங்கள் வீடுகளின் தயவால்தான் என்பதைப் பலரும் அறியச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறோம். வடக்கிலிருந்து வந்த எங்களிடம் வரைபடமும் மழையங்கியும் இருந்தன. எந்தக் குறுக்குவழி மழைக்குப் பின் வழுக்கும், எந்த ஓடையருகே அட்டை மொய்க்கும் என்ற அறிவெல்லாம் உங்களிடமே இருந்தது.

கலஹாவில் தம் அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்து அடுப்படியில் படுத்துக்கொண்ட அம்மாவுக்கு முதல் நன்றி. புறப்படும் முன் அட்டை ஏறாதிருக்க எங்கள் காலுறைகளின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்து, உப்பை ஒரு துணியில் முடிந்து தந்தவரும் அவரே. மறுநாள் நாங்கள் லூல்கந்துரைக்குப் போகிறோம் என்றதும், 1867இல் அங்கே 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்ட வெள்ளைக்காரத் துரை ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "துரை உட்கார்ந்த கல்லைக் காட்டுவாங்க, போய்ப் பாருங்க தம்பி, காட்டை வெட்டினவங்க எங்க உட்கார்ந்தாங்கன்னுதான் யாருக்கும் தெரியாது" என்றார். தேயிலைக்கு முன்பே, 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே நோயிலும் பசியிலும் மாண்டவர்களை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்ததை அன்றிரவு அவர் வாயால் கேட்டோம். அதன்பின் எங்கள் நடையைச் சாதனை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

பூண்டுலோயாவுக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமாருக்கு எங்கள் நன்றி கொஞ்சம் கூடுதலாகவே உரியது. நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும் என்ற நெருக்கடியிலும் அவர்கள் எங்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது எப்படி என்று காட்டிய அந்த விரல்களில், கழுவினாலும் போகாத கறை வெடிப்புகளுக்குள் கறுத்துப் படிந்திருந்தது. நிரம்பிய கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிப் பார்த்தபோது, கழுத்து தாங்காமல் நான்கு எட்டிலேயே இறக்கிவைத்தோம்.

ஒஹியவில் எங்களை ஏற்ற சிங்களக் குடும்பத்துடன் பேச எங்களிடம் சொற்கள் குறைவு. ஆனாலும் நனைந்த சப்பாத்துகளை அடுப்பருகே வரிசையாக வைத்து இரவெல்லாம் காயவிட்ட அன்புக்கு மொழி தேவைப்படவில்லை. ஹப்புத்தளையில் பைகளைச் சுமந்து வந்த ஓட்டோ ஓட்டுநருக்கும், தெமோதரை நிலையத்தில் நாங்கள் நின்ற இடத்துக்கு அடியிலேயே ரயில்பாதை சுரங்கத்தில் சுற்றிப் போவதைப் பொறுமையாக விளக்கிய பெரியவருக்கும் நன்றி.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயக் காம்பராக்களில் தலைமுறைகளாக வாழும் பலருக்கு அந்த வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதிப் பத்திரம் இல்லை. அதனால் ஹோம்ஸ்டே நடத்தி வருமானம் பெறும் வாய்ப்பு, பாதையின் கதைக்கு மிக நெருக்கமானவர்களுக்கே எளிதில் கிட்டுவதில்லை. இதை மாற்றும் பொறுப்பு நடந்துபோகும் எங்களைவிடப் பெரியவர்களிடம் இருக்கிறது. எனினும் நடப்பவர்கள் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் வழிகாட்டலுக்கும் தோட்டத்து மக்களையே நாடினால் ஓரளவாவது பணம் அவர்கள் கைக்குப் போகும்.

பணம் வாங்க மறுத்த வீடுகளுக்கு உரியதைப் புத்தகங்களாகவும் வண்ணப் பென்சில்களாகவும் மாற்றி, தாய்மார் வேலைக்குப் போகும்போது சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களுக்கு அனுப்பியிருக்கிறோம். அச்சிட்ட புகைப்படங்கள் தனியாகத் தபாலில் வருகின்றன. கிடைத்ததும் ஒரு சொல் அறிவியுங்கள்.

மிக்க நன்றியுடன்,
வடக்கிலிருந்து வந்த நடைக்குழுவினர்