28-ஆம் தேதி மீட்டிங்குக்கு முன்னால்

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இங்கே சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

நாம் பங்கு வைத்திருக்கும் வார்ப்பட ஃபவுண்டரி விஷயத்துக்கு வருகிறேன். "பங்கு கரைகிறதே, விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாமா?" என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. 28-ஆம் தேதி பங்குதாரர் மீட்டிங்குக்கு வந்த நோட்டீஸின் நான்காவது பக்கத்தை இன்னொரு முறை படி. இப்போது மொத்தம் 5 லட்சம் பங்கு. என்னிடம் 25,000, உன்னிடம் 20,000. புதிதாக 2.5 லட்சம் பங்கை வெளியாள் ஒருவருக்கே, பங்கு 60 ரூபாய்க்குக் கொடுக்கப் போகிறார்கள். கடைசி பேலன்ஸ் ஷீட்படி கடன் போக நம் சொத்து 5 கோடி, பங்குக்கு 100 ரூபாய். அவர் பணம் ஒன்றரைக் கோடி சேர்ந்தால் ஆறரைக் கோடி. அதை ஏழரை லட்சம் பங்குக்குப் பிரித்தால் 86 ரூபாய் சொச்சம். நம் ஒவ்வொரு பங்கிலும் 13 ரூபாய் போகிறது. உன் 4 சதவீதம் 2.67 ஆகிவிடும்.

பணம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. விவசாயிகளுக்கு சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் குசும் திட்டம் 2019-இல் வந்த பிறகு சோலார் பம்ப் கம்பெனிகளின் ஆர்டர் நமக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாம் உருக்கி வார்த்த வெறும் காஸ்டிங்காகத்தான் கொடுக்கிறோம். அதையே கடைந்து, துளை போட்டுக் கொடுப்பவனுக்குத்தான் காசு நிற்கிறது. 2022 செப்டம்பரில் கரன்ட் கட்டணம் ஏறியதிலிருந்து ஃபர்னஸ் பில்லைக் கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே மெஷின் வாங்கியே ஆகவேண்டும். ஃபவுண்டரியை நடத்தும் பெரியவரின் மகனும் கெட்டவர் இல்லை. பேங்க் கடனுக்கு வீட்டையே அடமானம் வைத்திருக்கிறார். அந்த நெருக்கடியில் கிடைத்த முதல் ஆளைப் பிடித்துவிட்டார்.

என் மனசை அறுப்பது வேறு. வருகிறவர் கையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். முக்கியமான முடிவுகளுக்கான ஸ்பெஷல் ரெசல்யூஷன் (சிறப்புத் தீர்மானம்) நிறைவேற, எதிர்ப்பு ஓட்டைப்போல் மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். அவர் ஒருவர் எதிர்த்தாலே அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் நகராது. பதினைந்து வருஷம் டிவிடெண்ட் இல்லாமல் காத்திருந்த நம்மில் யாருக்கும் தனியாக அந்தப் பலம் ஒருநாளும் இருந்ததில்லை.

அதே 60 ரூபாய்க்கு முதலில் நம் எல்லோரிடமும் கேட்கட்டும் என்கிறேன். நீ காற்றாலைக் கம்பெனி சுஸ்லானின் பங்கு வைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? 2022 அக்டோபரில் 1,200 கோடிக்கு ரைட்ஸ் போட்டார்கள், அதாவது புதுப் பங்கை இருக்கிற பங்குதாரர்களுக்கே முதலில் கொடுத்தார்கள். 21 பங்குக்கு 5 பங்கு, விலை 5 ரூபாய். திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அதன் நிறுவனர் துளசி தந்தி காலமாகிவிட்டார், அப்படியும் தள்ளிப்போடவில்லை. பணம் போட்டவனின் விகிதம் குறையவில்லை, முடியாதவன் உரிமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அந்த நியாயம் நமக்கும் வேண்டும்.

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். மோல்டிங் மேஸ்திரி அண்ணன் எப்போதும்போல் ஒரு பிடி அச்சு மண்ணை இறுக்கிப் பிடித்து, இரண்டாக உடைத்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் 10,000 பங்கு இருக்கிறது, பெரியவர் கொடுத்தது. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "தம்பி, இதுல என்னோடது கொறையுதுங்களா?" என்று கேட்டார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை மனுஷன்.

பெரியவர் குடும்பத்தின் கையில் 60 சதவீதம். இந்தப் பங்கு வெளியீட்டுக்கும் ஸ்பெஷல் ரெசல்யூஷன்தான் வேண்டும். மற்றவர்கள் யாரும் ஆதரிக்காமல், எதிராக 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் தீர்மானம் தோற்கும். நீ, நான், மேஸ்திரி சேர்ந்தால் 11. இன்னும் மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேர் ஒத்துக்கொண்ட மாதிரிதான். கை தூக்கும் ஓட்டில் பிராக்ஸிக்கு (நமக்குப் பதிலாக ஓட்டுப் போடுபவருக்கு) இடமில்லை, பங்குக் கணக்குப்படி ஓட்டெடுக்கும் 'போல்' (poll) கேட்க வேண்டும். கேட்பதற்குப் பத்து சதவீதம் போதும், நம்மிடம் அது இருக்கிறது.

பிராக்ஸி படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு உடனே கூரியரில் அனுப்பு. மீட்டிங்குக்கு 48 மணி நேரம் முன்னால் ஆபீஸில் சேர்ந்தாக வேண்டும். நீயே வர முடிந்தால் இன்னும் நல்லது. மேஸ்திரி உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்