பாரியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம்

ஸ்காபரோ
ரொறன்ரோ, கனடா
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன்ரை போன்களை எடுக்காமல் விட்டதற்குக் கோபம் காரணமில்லை. கோபிக்கிற ஆள் என்றால் அந்தச் சைக்கிள் செயின் விவகாரத்தோடேயே உன்னை வெட்டி விட்டிருப்பேன். விஷயம் இதுதான்: நாங்கள் இருக்கிற வீடு விலைப்பட்டுவிட்டது. வாங்கின சனம் தாங்களே குடிவரப் போகுதாம். N12 என்று ஒரு படிவம் கையில் தந்தார்கள். 60 நாள் தவணை, ஒரு மாத வாடகை நட்டஈடு. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை, சண்டை பிடிக்கவும் வழியில்லை. அம்மா அந்தப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்ப எழும்பட்டாம்?" என்று மட்டும் கேட்டா.

உன்ரை முழங்கால் எப்படி? மச்சாளைக் கேட்டதாகச் சொல்லு. மகளுக்கு வேலை கிடைத்ததை எங்கடை கூட்டாளி கட்டைதான் சொன்னான், நீ சொல்லவில்லை. சந்தோஷம். இனி என்ரை புராணம்.

இன்னொரு பேஸ்மன்ற் தேடுவதா, அல்லது இந்த 50 வயதிலாவது ஒரு வீட்டை வாங்கித் தொலைப்பதா என்று இங்கே ஒரு மாநாடே நடந்தது. தங்கச்சியின் கலியாணம், தம்பியை எடுத்த ஏஜென்சிக் காசு, அம்மாவின் ஸ்பொன்சர் எல்லாம் முடிந்து இப்போதுதான் வங்கியில் கொஞ்சம் தேங்கி நிற்கிறது. மனுசி ஒரு வசனம்தான் சொன்னாள்: "இன்னொராளின்ரை வீட்டுக்குக் கீழ நிண்டு இனி நான் உடுப்புத் தோய்க்க மாட்டன்." மாநாடு அதோடு முடிந்தது.

நெட்டையனை மறந்திருக்க மாட்டாய். அவன் இப்போது வீடு விற்கிற லைசன்ஸ் எடுத்து, பஸ் தரிப்பு வாங்கு ஒன்றில் விளம்பரப் படமாகக் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். கணக்கு மாஸ்டரிடம் அடி வாங்கிவிட்டுச் சிரிப்பானே, அதே சிரிப்பு. நான் எங்கள் கையிருப்பைச் சொன்னதும் அவன் ஸ்காபரோவைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டான். "மச்சான், பாரிக்குப் போ" என்றான். போன சனிக்கிழமை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அவனே கூட்டிப் போனான்.

பாரி ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 400ஆம் நெடுஞ்சாலையில் நேரே ஏறினால், சிம்கோ ஏரியின் ஒரு கை மேற்கே நீண்டு வந்து முடிகிற இடம். 2021 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த சனம். அதில் கனபேர் விடிய முதல் தெற்கே இறங்கி, இருட்டின பிறகு படுக்க வருகிறவர்கள்.

போகிற வழியில் பிராட்ஃபோர்ட்டுக்குக் கிட்ட ஹாலண்ட் மார்ஷ் என்று ஒரு இடம் வரும். முந்திச் சதுப்பு, 1920களின் பிற்பகுதியில் தண்ணீரை வடித்து வயலாக்கினார்களாம். ரோட்டின் இரண்டு பக்கமும் கன்னங்கரிய மண், கண்ணுக்கெட்டின தூரம் கரட்டும் வெங்காயமும். அம்மா கார்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "நிப்பாட்டடா, மண்ணைப் பாப்பம்" என்றா. நெடுஞ்சாலையில் எங்கே நிப்பாட்டுவது? வீட்டுக்குத் திரும்பி வரும் வரைக்கும் அதே கதைதான். செம்பாட்டு மண்ணில் வெங்காயத்துக்கு ஐயா எப்படித் துலா மிதித்துத் தண்ணி இறைத்தவர், இந்த மண்ணுக்கு அந்தப் பாடே இல்லை என்று.

ஏரிக்கரையில் இரும்பால் செய்த ஒரு பெரும் பறவை நிற்கிறது. 1986இல் வன்கூவர் எக்ஸ்போவுக்கு என்று செய்து, பிறகு இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சூரன்போருக்குச் செய்த மயிலை ஆரோ இஞ்ச விட்டிட்டுப் போட்டினம்" என்றா. நெட்டையன் சிரித்த சிரிப்பில் அவன்ரை கமிஷன் தெரிந்தது.

வீடு வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. நாலு அறை, தனிவீடு, இரண்டு கார் நிற்பாட்ட இடம், பின்வளவு. தெற்கே பார்த்த ஒரு ஜன்னல். கறிவேப்பிலைத் தொட்டி மாரியிலும் பிழைக்கும். கேட்கிற விலை 679,000 டொலர். ஸ்காபரோவில் இந்தக் காசுக்கு இப்படி ஒரு வீட்டின் பாதிதான் வரும், அதுவும் வளவு இல்லாமல்.

நீ கணக்கில் புலி என்பதால் எழுதுகிறேன், மனுசிக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. முதல் ஐந்து லட்சத்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம் ஆகக் குறைந்த முற்பணம். ஆக 42,900. காணி கைமாறுகிற வரி மாகாணத்துக்கு 10,055. முதல்தரம் வாங்குகிறவர் என்பதால் அதில் 4,000 கழியும். ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் நகரசபையும் அதே அளவு இன்னொரு வரி கேட்கும்; பாரியில் அது இல்லை. காரின் இன்சூரன்ஸும் ஸ்காபரோத் தபால் குறியீட்டை விட்டு வெளியேறினால் இறங்கும். 2024 மார்கழியில் இருந்து முதல் வீடு வாங்குகிறவர்கள் எந்த வீடானாலும் 30 வருஷக் கடன் எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வங்கிப் பெட்டை அதைப் பெரிய நல்ல செய்தியாகச் சொன்னாள். எனக்குக் கடன் முடியும்போது 80 வயது என்று நான் சொன்னேன். "கொன்கிராஜுலேஷன்ஸ்" என்றாள்.

இனி வேலைக்குப் போகிற கதை. பாரியில் இருந்து ரொறன்ரோ நடுவில் இருக்கிற யூனியன் ஸ்ரேஷனுக்குக் கோ (GO) என்கிற மாகாண ரயில் ஒரு மணி நாற்பது நிமிஷமளவில் எடுக்கும். நெட்டையன் என்ன சொன்னான் தெரியுமா? "இப்ப மட்டும் என்ன, உன்ரை ஸ்காபரோ ரயில் 2023 ஆடியில தடம் புரண்டதோட மூடினதுதானே. பஸ்ஸும் சப்வேயுமா ஒண்டேகால் மணித்தியாலம் போறாய். வித்தியாசம் இருபத்தஞ்சு நிமிஷம்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, ஸ்ரேஷனுக்குக் காரோடுகிற நேரம், நிற்பாட்ட இடம் தேடுகிற நேரம், யூனியனில் இருந்து கந்தோருக்கு நடக்கிற நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். கொரோனாக் காலத்தில் வீட்டில் இருந்து செய் என்ற கந்தோர், பிறகு கிழமைக்கு இரண்டு நாள் வா என்றது. இப்போது நாலு நாள் முகம் காட்டச் சொல்கிறது. கூட்டினால் வருஷத்தில் ஒரு மாதம், இரவு பகலாக, ரயிலுக்குள்ளேயே இருப்பேன்.

மாஸ்டரின் மருமகன் கதையும் இதுதான். வீட்டில் இருந்தே வேலை செய்யலாம் என்று நம்பி 2022 தொடக்கத்தில், விலை உச்சியில் நின்றபோது பாரியில் வாங்கினான். மத்திய வங்கியின் வட்டி அப்போது கால் வீதம். 2023 ஆடியில் 5 வீதம். அவன் எடுத்தது ஏறி இறங்குகிற வட்டி. வீட்டு விலையோ மறுபக்கம் இறங்கியது. விற்றால் கையில் இருந்து கட்டவேண்டும். இப்போது வட்டி இறங்கியிருக்கிறது, ஆனால் பெடியன் விடிய நாலரைக்கு எழும்புகிறான். போன முறை கண்டபோது நின்ற நிலையிலேயே நித்திரை கொண்டான்.

ஸ்னோவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கடை ஊர்ப் பனியை வைத்து இதை நினைக்காதே. ஜோர்ஜியன் குடாப் பக்கம் இருந்து வருகிற காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பக்கமெல்லாம் கொட்டும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கிற நாளிலேயே 400இல் கண் தெரியாது, ரோட்டை மூடிவிடுவார்கள். போதாததற்கு 2021 ஆடியில் ஊரின் தெற்குப் பக்கம் சுழல்காற்று அடித்து வீட்டுக் கூரைகளைக் கழற்றியது. 1985இலும் ஒன்று, அதில் எட்டுப் பேர் செத்தவை. நெட்டையன் இதில் ஒன்றையும் வாய் திறக்கவில்லை.

சரி, இதெல்லாம் தாங்கக்கூடிய விஷயங்கள். மனுசிக்கு அங்கே முதியோர் இல்லங்களில் வேலை உடனே கிடைக்கும். அவள் ஏற்கெனவே அந்தக் குசினியில் இடியப்ப உரல் எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள். மகள் ஒன்பதாம் வகுப்பு எப்படியும் புதுப் பள்ளிக்கூடம்தானே என்கிறாள்; உறைந்த ஏரிக்கு மேலே கூடாரம் போட்டு மீன் பிடிக்கிற படத்தைப் பார்த்ததில் இருந்து அவளுக்கு வேறு கதையில்லை.

நான் முழிச்சிருக்கிறது அம்மாவால்.

நீ அம்மாவைக் கடைசியாகக் கண்டது 1994இல். இங்கே அவவைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். இங்கிலிஷ் என்றால் 'தாங்யூ' மட்டும்தான், ஆனால் ஸ்காபரோவில் எந்த பஸ் எங்கே திரும்பும் என்று என்னைவிட அவவுக்குத் தெரியும். காலமை சாப்பிட்டதும் கைப்பையில் பஸ்ஸுக்குத் தட்டுகிற பிரெஸ்டோ காட்டைச் செருகிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவா. செவ்வாய் வியாழன் முதியோர் கூட்டம். அங்கே உடற்பயிற்சி பாதி, அரசியல் பாதி. வெள்ளி கோயில். இடையில் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் மாற்றுவது, தமிழ்க் கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக் கடைக்காரரோடு கொழுவுவது. டொக்டரிடமும் தனியாகத்தான் போவா. டொக்டர் பிள்ளை உரும்பிராய்க்காரி, நான் கூடப் போனால் வருத்தத்தை வடிவாகச் சொல்ல முடியாதாம். ஸ்காபரோவில் அவ ஒரு தனி ஆள், மச்சான். பாரியில் என்ரை அம்மா மட்டும்தான்.

விடிய ஆறு மணிக்கு முதல் நானும் மனுசியும் வெளிக்கிட்டால், பின்னேரம் மகள் வரும் வரைக்கும் அந்த நாலு அறை வீட்டில் அவ தனிய. தெருவில் ஒரு குருவி இல்லை. எல்லா வாசலிலும் கராஜ் கதவு.

"உங்களுக்குச் சரியோ அம்மா?" என்று கேட்டேன். "எனக்கு எங்கையெண்டாலும் சரி" என்றா.

இந்தப் பதிலை நான் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். 1995 ஐப்பசி 30ஆம் தேதி, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவு, கொக்குவில் வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வெளிக்கிட்டபோது இதைத்தான் சொன்னவ. நீ அப்போது ஜேர்மன் முகாமில். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள்ளே ஒரு அடி எடுத்து வைக்க இடமில்லாமல் சனம். கொடிகாமத்தில் பள்ளிக்கூட வாங்கில் படுத்தபோதும் அதுதான். பிறகு வெள்ளவத்தையில் ஒரு அறை. பிறகு இங்கே பேஸ்மன்ற் பேஸ்மன்றாக. எங்கே போவது என்று அவவிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. முடிவு எடுத்த பிறகுதான் கேட்டோம். அப்போது வேறென்ன பதில் வரும்?

நேற்று இரவு நான் கணக்குக் கொப்பியோடு இருக்க, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறபோது திரும்பிக் கேட்டா: "அங்க பஸ் எப்பிடி?"

மச்சான், வீட்டின் கூரை எத்தனை வருஷம் பழசு, ஹீற்றர் எப்ப மாற்றினது, நிலக்கீழ் அறையில் ஈரம் இருக்கோ, எல்லாம் கேட்டுவைத்திருக்கிறேன். பஸ்ஸை ஒருத்தரும் பார்க்கவில்லை. கணினியில் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் அந்தப் புது வீடுகளுக்கால் நடந்து தரிப்புக்குப் போகவே ஒரு கால் மணித்தியாலம், ஐஸில் அவவால் ஏலாது. போனாலும் எங்கே போவா?

இதற்குப் பிறகுதான் கட்டை பலநாளாகச் சொல்கிறதைக் காதில் எடுத்தேன். அவன் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில் இருந்துகொண்டு "கிழக்கால வா, கிழக்கால வா" என்று கத்துகிறவன். ஏஜக்ஸ் விலை எங்களுக்குக் கட்டாது, இன்னும் கிழக்கே தள்ளி ஒஷாவாவில் பார்க்கலாம். அங்கே இருந்து ரயில் ஒரு மணித்தியாலமளவில் யூனியன். எனக்குப் பிடித்தது ரயில் இல்லை. டேர்ஹம் பஸ் 900 என்று ஒன்று ஒஷாவாவில் ஏறினால் விற்பி, ஏஜக்ஸ், பிக்கறிங் எல்லாம் தாண்டி ஸ்காபரோப் பல்கலைக்கழக வளாகம் வரைக்கும் வருகிறது. 2024 மாசியில் இருந்து அதே பிரெஸ்டோ காட்டைத் தட்டி ரொறன்ரோ பஸ்ஸில் ஏறலாம், இன்னொரு தரம் காசில்லை. தூரம்தான், ஆனால் அவ யன்னல் பக்கம் இடம் பிடித்தால் ஒரு நாள் முழுக்க இருந்து வருவா. செவ்வாயும் வெள்ளியும் போனால்கூடக் காணும்.

அங்கே எங்கள் காசுக்குத் தனிவீடு இல்லை. ஒட்டின வீடு, மூன்று அறை, வளவு என்று சொல்ல ஒரு பாய் விரிக்கிற இடம். மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. இடியப்ப உரல் எங்கே வைப்பது என்பதில் இருந்து திரும்பத் தொடங்கவேண்டும்.

உனக்கு எழுதுகிறதற்குக் காரணம் உண்டு. உன்னை ஜேர்மன்காரன் பங்கு பிரித்துக் கொண்டுபோய் ஹம் என்கிற ஊரில் விட்டான். அனுமதியில்லாமல் எல்லை தாண்டாதே என்றும் சொன்னான். அந்த ஊரை நீ எவ்வளவு திட்டி எழுதினாய், கடிதங்கள் என்னிடம் இருக்கு. பிறகு 2002இல் அங்கே காமாட்சி அம்பாளுக்குக் கோயில் எழும்பி, இப்போது தேருக்கு ஐரோப்பா எங்கும் இருந்து சனம் வர, கால்வாயில் தீர்த்தம் ஆட, நீ "எங்கட ஊர்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறாய். நல்லது. எனக்குப் பாரியில் கோயில் கட்டுகிற வயதில்லை.

ஆனால் உன்ரை அம்மா வந்தது கோயிலுக்கு முதல். நீ பக்டரிக்குப் போனபிறகு அந்த முதல் மூன்று வருஷம் அவ பகலில் என்ன செய்தவ? நீ சொல்லாதே, உனக்குத் தெரிந்திருக்காது. மாமியிடமே கேள். ஆறுதலாக இருக்கிற நேரம் பார்த்து, நீ அறையை விட்டுப் போய், மச்சாளைக் கொண்டு கேட்பி. உனக்கு முன்னால் "எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்றுதான் சொல்லுவா.

வியாழன் இரவுக்குள் பாரி வீட்டுக்கு விலை எழுதிக் கொடுக்கச் சொல்லி நெட்டையன் நெருக்குகிறான். அதற்கு முதல் போன் எடு. உங்கடை நேரம் இரவு பத்துக்குப் பிறகு எடு, இங்கே பின்னேரம் நாலு. அந்த நேரம் அம்மா கடைக்குப் போயிருப்பா, வடிவாகக் கதைக்கலாம். இந்தமுறை எடுப்பேன்.

அன்புடன்,
உன்ரை பழைய கடன்காரன்