இரண்டு முறை கை நீட்டியவர்களுக்கு

பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் வந்து என் ஆய்வுக்கு ஆளுக்கு ஐம்பது மில்லிலிட்டர் ரத்தம் தந்த பதினொரு பேருக்கும் என் வணக்கம். "இது யாருக்கம்மா போகிறது?" என்று ஓர் அண்ணன் கேட்டார். யாருக்கும் இல்லை, ஆய்வுக்கூடத் தட்டில் செல் வளர்க்கத்தான் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று அவசரத்தில் சொன்ன பதில் அது.

உங்கள் ரத்தத்திலிருந்து மோனோசைட் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்து, 37 டிகிரியில், ஜிஎம்-சிஎஸ்எஃப், இன்டர்லூக்கின்-4 ஆகிய சமிக்ஞைப் புரதங்களோடு ஆறு நாள் வைத்திருந்தேன். முதலாவது செல்லைச் சாகவிடாது. இரண்டாவது அதை மேக்ரோஃபேஜ் என்னும் கிருமி விழுங்கும் செல் ஆகவிடாமல் டென்ட்ரிடிக் செல்லாக்கும். கிருமியின் துண்டை, நோயை எதிர்த்துப் போராடும் டி செல்களிடம் காட்டிக்கொடுக்கும் உளவாளி அது. ஆனாலும் அப்போது அது பிஞ்சுதான். டிஎன்எஃப்-ஆல்பா போன்ற அபாயச் செய்தி வந்த பிறகுதான் முற்றும். முற்றியதற்கு அடையாளமாக மேற்பரப்பில் சிடி83 என்னும் புரதம் தலைகாட்டும்.

முதல் முறை டிஎன்எஃப் சேர்க்காத தட்டிலும் செல்கள் முற்றிக் கிடந்தன. இரண்டு வாரம் என் கைப்பக்குவத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். "தண்ணீரைச் சோதித்தாயா?" என்று கேட்டவர் ஆய்வுக்கூடத்து அக்கா. பாக்டீரியாச் சுவரின் மிச்சமான எண்டோடாக்சின் அதில் இருந்தது. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கொதிகலனில் வைத்தால் பாக்டீரியா சாகும், இந்த மிச்சம் லேசில் போகாது. அதுவும் செல்லுக்கு அபாயச் செய்திதான். அக்கா, அந்த ஒரு கேள்விக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

வெட்கத்தோடு மறுபடியும் ரத்தம் கேட்டேன். ஒன்பது பேர் வந்தீர்கள். மூன்றாம் நாள் புதுப் புரதம் ஊற்ற வேண்டும். அன்று பார்த்துத் தைப்பூசத் தேர் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டது. சாலையெங்கும் தேங்காய்ச் சிதறல், எந்தக் காரும் நகரவில்லை. சந்து சந்தாக மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்ட பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், விடுமுறை நாளில் கதவு திறந்த காவலாளி மாமாவுக்கும் நன்றி. இந்த முறை டிஎன்எஃப் போட்ட தட்டு மட்டுமே முற்றியது.

அண்ணனுக்கு இப்போது சரியான பதில்: நோயாளியின் சொந்தச் செல்களை எடுத்து, இதே ஜிஎம்-சிஎஸ்எஃப் இணைத்த புரதத்தோடு வெளியே வளர்த்து, அவருக்கே திருப்பி ஏற்றும் சிகிச்சைக்கு 2010-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கானது. என் தட்டு அவ்வளவு தூரம் போகவில்லை. போகும் பாதை அதுதான்.

இரண்டாம் முறை மைலோ கலக்கியது நான். சர்க்கரை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.