குளத்துமேட்டுத் திடலைச் சமன்படுத்த வேண்டாம்: எங்கள் ஊர் கிராம சபைக்கு ஒரு மடல்

பெரியவர்களே, அண்ணன்மாரே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் குளத்துமேட்டுத் திடலைப் பற்றித் தீர்மானம் வரப் போகிறது என்று கேள்விப்பட்டேன். மரங்களை எடுத்துவிட்டு, மேட்டை வெட்டிச் சமமாக்கி, பேவர் பிளாக் பதித்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டுப் பூங்கா ஆக்கப் போகிறார்களாம். கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். எனக்குச் சொல்ல அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. அதனால் நம் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். கிராம சபை என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நாம் எல்லாரும்தானே.

திடலில் ஆறு இடங்களில் இரும்புக் குழாய் நட்டு, மேலே சைக்கிள் ரிம்மும் அதிலிருந்து சங்கிலிகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு கம்பிக்கூடை இருக்கும். டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. பிள்ளைகள் 'தட்டு' என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கல் பதித்த இடத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். அது எங்கே விழுந்ததோ அங்கே போய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். கூடைக்குள் விழும்வரை இப்படியே. குறைந்த எறியில் முடித்தவர் கெலித்தார். எண்ணிக்கை மறக்காமல் இருக்க, எறிக்கு ஒரு புளியங்கொட்டையைப் பாவாடைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள் எங்கள் தெருப் பெண்கள்.

இது எப்படி நம் ஊருக்கு வந்தது? என் தம்பி ஃபின்லாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே காட்டு மரங்களுக்கு நடுவே இப்படி நூற்றுக்கணக்கான களங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் காசு கட்ட வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். பொங்கலுக்கு வந்தபோது ஐந்து தட்டுகளைக் கொண்டுவந்து, முதல் நாள் ஒரு பழைய எண்ணெய் டின்னைக் குறிவைத்து எறிந்து காட்டினான். அவன் ஊருக்குப் போய்விட்டான். தட்டுகள் இங்கே தங்கிவிட்டன.

இந்த ஆட்டத்துக்கென்று நிலையான களம் முதன்முதலில் அமைந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் என்னும் பூங்காவில், 1975-இல். அமைத்தவர் எட் ஹெட்ரிக். நாம் கடற்கரையில் பார்க்கிற ஃபிரிஸ்பீ தட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆரம்பத்தில் வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிப் போனதா என்று தகராறு ஓயாததால்தான் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தார்கள். சங்கிலி தட்டின் வேகத்தைக் குடித்துவிடும், தட்டு அப்படியே கூடைக்குள் இறங்கும். கச்சிதமாக விழும்போது 'சல்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், சலங்கையைக் கீழே வைத்த மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை எறியத் தோன்றும்.

நம் கூடைகளைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில்தான் செய்தோம். ரிம் சைக்கிள் கடையில் கழித்துப் போட்டது. கம்பி கோக்கிற ஓட்டைகள் அதில் ஏற்கெனவே இருப்பதால் சங்கிலியைத் தொங்கவிடத் தோதாக அமைந்தது. ஊரிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் அந்த மேடு. அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

ஆட்டத்துக்கு மேடு பள்ளம் இடைஞ்சல் என்று சிலர் எங்களுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் தட்டு ஆட்டத்துக்கு உயிரே அந்த மேடும் மரமும்தான். சமமான வெட்டவெளியில் ஆறு கூடை வைத்தால் இரண்டு நாளில் சலித்துவிடும். இரண்டாம் கூடைக்குப் போகிற வழியைப் பாருங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் சாய்த்த தென்னைகள் வரிசையாக நின்ற இடம் அது. அன்று விழுந்த இடைவெளிதான் இன்று தட்டு போகிற பாதை. இரு பக்கமும் அதற்கப்புறம் வைத்த தென்னம்பிள்ளைகள் பாளை விட்டுவிட்டன. அந்த இடைவெளியில் நேராக எறிவது சாமானியமில்லை. வலது கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையை வீசி எறிந்தால், வேகம் தணியும்போது தட்டு இடப்பக்கம் சாயும். மூன்றாம் கூடை ஒற்றைப் பனைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பனைக்கு வலது பக்கமாக விட்டு, அது தானே வளைந்து இடப்பக்கம் வர வேண்டும். இடது கைப் பழக்கமுள்ள ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு வழி நேர்மாறு. அந்தப் பனையை வெட்டினால் மூன்றாம் கூடையில் ஆட்டமே இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். தீர்மானம் எழுதுமுன் அதையும் பாருங்கள்.

ஐந்தாம் கூடை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடிய பிறகு வாய்க்கால் காய்ந்து மணலாகக் கிடக்கும். தட்டு உள்ளே விழுந்தால் இறங்கி நின்று எறியலாம். ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் பிரிந்து, நம் வாய்க்காலைத் தொட மாதக் கடைசி ஆகிவிடும். அன்றைக்கு ஆட்டத்தின் கணக்கே மாறும். தண்ணீரில் விழுந்தால் ஓர் எறி கூடுதலாகச் சேரும். கனமான தட்டு முங்கிவிடும், பையன்கள் குதித்துத் துழாவி எடுப்பார்கள். தண்ணீர் வந்த சேதியை மடை பார்க்கப் போகிறவர்களுக்கு அடுத்தபடியாக இந்தப் பிள்ளைகள்தான் முதலில் கொண்டுவருகிறார்கள். ஆடிக் காற்று ஆறாம் கூடைக்கு. எதிர்காற்றில் எறிந்தால் தட்டு மேலே எழும்பி வலப்பக்கம் புரண்டு போகும். காற்றை மதித்துத் தாழ எறியப் பழக ஒரு மாதம் ஆகும். புல்டோசர் ஓட்டிய சமதளத்தில் இதையெல்லாம் எங்கே போய்க் கற்பது?

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து 18 வருடம் ஆகிறது. வயசுக்கு வந்த பெண் சாயங்காலம் திடலில் ஓடி விளையாடி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்கே பத்தவில்லை. தட்டு ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வேண்டாம், தனி உடுப்பு வேண்டாம். இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்தால் போதும். இப்போது நாலு மணிக்கு மேல் ஏழெட்டுப் பெண்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்புகிற ஒரு பெரியம்மா ஒரு நாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கொண்டா ஒண்ணு" என்று வாங்கி எறிந்தார். முதல் எறி முள்ளுச் செடிக்குள் போயிற்று. மறுநாளும் வந்தார்.

வேலி போட்டு, பூட்டுப் போட்டு, நேரம் வைத்தால் இவர்கள் வர மாட்டார்கள். வீட்டு வேலை முடிந்து கிடைக்கிற நேரம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை.

எங்கள் மேல் உள்ள குறையையும் மறைக்கவில்லை. சித்திரையில் ஒரு தட்டு ஆட்டுக்குட்டியின் காலில் பட்டு, அது இரண்டு நாள் நொண்டியது. தட்டு 170 கிராம்தான் இருக்கும், ஆனால் கெட்டிப் பிளாஸ்டிக், வேகமாக வந்தால் அடி அடிதான். ஆட்டுக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். அன்றைக்கே நாலாம் கூடையைப் பிடுங்கி, ஜனங்கள் நடந்து போகிற பாதைக்குக் குறுக்கே வராதபடி இலுப்பை மரத்தடிக்கு மாற்றினோம். பாதையில் ஆளோ மாடோ வந்தால் கடந்து போகும்வரை தட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது இப்போது முதல் விதி. மீறினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

சரி, நான் கேட்பது இதுதான். நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் நடக்க நல்ல இடம் வேண்டும், என் மாமியாருக்கும் வேண்டும். அதைக் குளத்துக் கரையோடு சுற்றிப் போடுங்கள், அங்கே நிழலும் உண்டு, எந்தக் கூடையும் குறுக்கே வராது. மேட்டையும் மரங்களையும் இருக்கிறபடி விடுங்கள். வேலி வேண்டாம். ஆறு கூடைகளும் இருக்கிற இடத்தில் இருக்கலாம் என்று தீர்மானத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு ஒப்பந்ததாரர் பழைய இரும்பு என்று அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

அக்டோபர் 2 காலை ஏழு மணிக்கு நானும் பிள்ளைகளும் திடலில் இருப்போம், கூட்டத்துக்கு முன்னால் நேரம் இருக்கிறது. ஐந்து தட்டில் ஒன்று விரிசல் விட்டுவிட்டது, மீதி நாலு இருக்கிறது. ஆளுக்கு ஒரு கூடையாவது எறிந்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத் தெரு வாக்காளர் ஒருத்தி