முகூர்த்தம் குறிக்கும்போதே படம் எடுக்கும் நேரத்தையும் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை முகூர்த்தங்கள் நெருங்கிவரும் வேளையில், இராமநாதபுரம் கடலோர ஊர்களில் திருமணப் புகைப்படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், திருமண வீட்டாரிடம் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த கையோடு சமையல்காரரிடமும் மேளக்காரரிடமும் நேரம் பேசி முடித்துவிடுகிறவர்கள், புகைப்படக்காரரிடம் மட்டும் ஆல்பத்துக்கு எத்தனை பக்கம், டிரோன் உண்டா, வீடியோ எப்போது கைக்கு வரும் என்பவற்றையே பேசுகிறார்கள். மணமக்கள் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் படத்துக்கு நிற்பார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. கடைசியில் பந்தியெல்லாம் முடிந்து, உச்சி வெயில் ஏறிய பிறகுதான் மணமக்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள்.

இப்பகுதியில் தை மாதம் சூரியன் ஏறத்தாழ 6.30 மணிக்கு உதித்து மாலை 6.15 மணியளவில் மறைகிறது. வைகாசியில் 6 மணிக்குச் சற்று முன்பே உதித்து 6.30 மணியை ஒட்டி மறைகிறது. ஆகவே காலை 6 முதல் 7.30 வரையிலான முகூர்த்தம் என்றால், தாலி கட்டிச் சடங்குகள் முடிகிற நேரமும் சாய்ந்த இளவெயில் விழுகிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அந்த வெயிலில் பட்டின் நிறமும் ஜரிகையின் மினுக்கமும் உள்ளபடியே பதியும். அப்போதே மணமக்களை மண்டபத்தின் கிழக்கு வாசலுக்கோ அருகிலுள்ள கோயில் பிராகாரத்துக்கோ அரை மணி நேரம் அனுப்பிவைத்தால் போதும். ஆனால் அந்த அரை மணி நேரம் காலை டிபனுக்குப் போய்விடுகிறது. 10 மணிக்கு மேல் வெளியே நிறுத்தினால், நெற்றிச்சுட்டியின் நிழல் மூக்கின் மேல் விழுந்து, கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாகத் தெரியும். கணினியில் அதை எவ்வளவு சரிசெய்தாலும் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகுமே தவிர, காலை வெளிச்சம் திரும்பி வராது.

கடற்கரைப் படத்தின் மீதுள்ள ஆசையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இராமநாதபுரத்தில் முகூர்த்தம், மாலை 6.30 மணிக்கு அங்கேயே வரவேற்பு, இடைப்பட்ட நேரத்தில் தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் படம் என்று திட்டமிடுகிற வீட்டார் இன்று மிகப் பலர். போவதற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தனுஷ்கோடிக்குள் வாகனங்களை விடுவதும் இல்லை. எனவே வெயில் தணிகிற நேரத்தில் மணமக்கள் அங்கே நிற்காமல் திரும்பும் காரில் உட்கார்ந்திருப்பார்கள். அரிச்சல்முனை வேண்டும் என்றால் மறுவீடு முடிந்தபின் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்குவதே முறை. திருமண நாளன்றே கடல் வேண்டும் என்றால் உச்சிப்புளிக்கு அருகில் அரியமான் இருக்கிறது. அங்குள்ள சவுக்கு மர நிழலில் பிற்பகலிலும் முகம் கறுக்காமல் எடுக்கலாம்.

எந்தக் கரை என்பதை மாதம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் சீறும். தனுஷ்கோடி மணல் பறந்து கண்ணிலும் லென்ஸிலும் சேர்ந்து அடிக்கும். அப்போது பெண் கடல் பக்கமான வடக்குக் கரையே நல்லது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றில் நிலைமை மாறிப்போகும். காற்றில் தலைப்பூவும் முந்தானையும் படும் பாட்டை ஒப்பனை செய்கிறவரிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இன்னொன்று, குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்கு எடுத்து வந்தால் ஈரக்காற்றில் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்துவிடும். வெளிச் சூட்டுக்குப் பழகும் வரை அதைப் பையிலேயே வைத்து நாங்கள் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களைச் சோம்பல் என்று எண்ணிக் கோபிக்க வேண்டாம்.

1964 டிசம்பர் புயலில் மனிதர்கள் மாண்டுபோன தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவர்மீது மணமக்களை ஏற்றி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர்களிடம் மறுத்தே வருகிறேன். பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்தி ரயில் பாலத்தைப் பின்னணியாக வைத்து எடுப்பது உயிருக்கே ஆபத்தானது. டிரோன் கேட்பவர்கள், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். தடைப் பகுதி எது என்று வரைபடத்தில் பார்த்து, உரிய அனுமதி பெறாமல் பறக்கவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைத் திருமணங்களில் மாலை 4.30 முதல் 6 வரை இராகுகாலம். தை மாதத்தில் மாலை வெளிச்சம் நன்றாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். பெரியவர்கள் மணமக்களை அப்போது வெளியே கிளம்ப விடமாட்டார்கள். அது அவர்கள் நம்பிக்கை. 4.15 மணிக்கே கிளம்பிவிட்டால் நம்பிக்கைக்கும் குறைவில்லை, படத்துக்கும் குறைவில்லை. கீழக்கரையில் நிக்காஹ் வீட்டார் பலர், பெண்கள் பகுதியைப் பெண் புகைப்படக்காரரே எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அந்த முன்யோசனை எல்லா வீட்டாருக்கும் வேண்டும்.

குடும்பப் படங்களுக்கு, உறவுமுறை தெரிந்த ஒருவரை இரு வீட்டாரும் ஆளுக்கொருவராக நியமித்து, தாய்மாமன், அத்தை, பெரியப்பா வீட்டார் என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பந்திக்குப் போன உறவினர் மேடைக்குத் திரும்புவதில்லை. தொண்டிக்கும் சாயல்குடிக்கும் பேருந்து பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு. வயதானவர்களை முதலில் உட்காரவைத்து எடுத்து அனுப்பிவிடுவது அவர்களுக்கும் நல்லது.

தாலி கட்டும் நேரத்தில் மேடையின் முன்பக்கத்தைக் கைப்பேசிகள் மறைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துவதைப் போலவே, மேடை விளக்குகளையும் யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். பின்னால் எல்.இ.டி. திரை பளிச்சென்று எரிய, மேலிருந்து நீலமும் சிவப்பும் மாறிமாறி விழுந்தால், மஞ்சள் பூசிய முகம் ஒரு படத்தில் ஊதாவாகவும் அடுத்த படத்தில் பச்சையாகவும் பதிகிறது. மண்டப உரிமையாளர்கள் மேடையின் வெள்ளை விளக்குகளுக்கென்று தனி சுவிட்சு வைத்து, முகூர்த்த நேரத்தில் வண்ண விளக்குகளை அணைத்துவைக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருமணப் புகைப்படக்காரர் ஒருவர்,
இராமநாதபுரம்.