அப்பாவின் கம்பியச்சு

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே சுகம். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று இரவு அம்மா சாப்பிடவே இல்லை என்று தங்கச்சி சொன்னாள். உங்களுக்குப் போனில் சரியாகக் காது கேட்பதில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா பயப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கி என் வீட்டில் இல்லை. இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் ஒன்றைக் கையில் வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும்தான். நான் சுடுவது காற்று ரைஃபிள், வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தால் சுடுவது. அதற்கும் உரிமம் வேண்டும். அது துப்பாக்கி சுடும் மன்றத்தின் பூட்டிய அறையில் இருக்கும். சுவா சூ காங் பக்கம் போய், கையெழுத்துப் போட்டு எடுத்து, சுட்டு முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். எதிரே 10 மீட்டர் தள்ளி ஒரு குறி, அவ்வளவுதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டது இந்தப் போட்டியில்தான்.

இனி உங்களுக்கு. குறியின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளிக்கான இடம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். நீங்கள் கோவில் நகையில் கல் பதிக்கும்போது விடும் ஊசிமுனைப் புள்ளி அளவு. அதில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெல்லட் என்பார்கள். ஒன்றின் எடை அரை கிராமுக்குச் சற்று மேல், உங்கள் கணக்கில் நாலு குன்றிமணி. ஒரு போட்டிக்கு அறுபது தடவை சுட வேண்டும். நட்ட நடுவில் பட்டால் ஒவ்வொன்றுக்கும் 10.9 வரை புள்ளி, மொத்தம் 654.

போன வருஷம் ஒரு மாதம் முழுக்க நான் கீழே போனேன். 10.4, 10.5 என்று விழுந்துகொண்டிருந்தவை 9.7க்கு வந்து நின்றன. மூச்சைக் குறை சொன்னேன், விசையை அழுத்தும் விரலைக் குறை சொன்னேன். பகல் முழுக்க துவாஸ் பட்டறையில் நின்று களைத்த தோளையும் குறை சொன்னேன். கடைசியில் பெல்லட்டைச் சந்தேகப்பட்டேன். உங்கள் பிள்ளை அல்லவா, முதலில் தராசைத்தான் தேடினேன். மில்லிகிராம் காட்டும் தராசில் நூறு பெல்லட்டை ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தேன். எடையில் சொல்லும்படியாக வித்தியாசம் இல்லை. மனசு உடைந்துபோனது.

அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பழைய டப்பாவில் தலை அளவு, அதாவது பெல்லட்டின் முன்பகுதி அகலம், 4.50 என்று இருந்தது, புதியதில் 4.49. அதே கம்பெனி, அதே எடை, அதே நிறம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். மன்றத்துப் பயிற்சியாளர் ரைஃபிளை அசையாமல் வைஸில், இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடியில், கவ்வவைத்தார். இரண்டு டப்பாவிலிருந்தும் பத்துப் பத்துச் சுட்டோம். பழையது காகிதத்தில் பெல்லட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரே ஓட்டையைப் போட்டது, விளிம்புக்கு விளிம்பு 5.5 மில்லிமீட்டர். புதியது 8 மில்லிமீட்டருக்குக் கிழித்துவைத்தது. மனிதக் கை படாமலே அவ்வளவு!

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உங்கள் கம்பியச்சுதான், வரிசையாகத் துளை போட்ட அந்த இரும்புத் தகடுதான், ஞாபகம் வந்தது. ஒவ்வொரு துளையாக வெள்ளிக் கம்பியை இழுக்கும்போது, "கம்பி துளையை நிறைக்கணும், ஆடவும் கூடாது, அழுந்தவும் கூடாது" என்பீர்களே, அதேதான். குழலுக்குள் பெல்லட் சரியாகப் பிடித்து உட்கார வேண்டும். என் குழலுக்கு 4.50. பக்கத்து வரிசையில் சுடும் சீனப் பெண்ணின் குழலுக்கு 4.49தான் ஒத்துவருகிறது. முன்கூட்டிச் சொல்ல முடியாது, சுட்டுப் பார்த்துத்தான் தெரியும். இப்போது எனக்கு ஒத்துவரும் டப்பாக்களை மொத்தமாக வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரின் ஈரக்காற்றில் ஈயம் வெள்ளை பூத்துவிடும் என்பதால் மூடி இறுக்கி வைக்க வேண்டும்.

போன மாதம் வேலை விஷயமாக ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவர் ஊரில் 1000 கெஜத்துக்கு அப்பால் குறி வைத்துச் சுடுவாராம், 914 மீட்டர்! அதற்குக் கடைத் தோட்டா போதாதாம். சுட்ட பித்தளை உறையைத் திரும்ப எடுத்து, அளவுக்கு வெட்டி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைத் தானே பொருத்துவாராம். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, இங்கே நமக்கு அந்தப் பேச்சே இல்லை. அந்தத் தூரத்தில் குண்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் கூடிக் குறைந்தாலே குறியில் ஒரு சாண் ஏறி இறங்கிவிடும் என்றார். அதனால்தான் ஐம்பது தோட்டாவும் ஒரே தோட்டாவாக இருக்கும்வரை விடமாட்டேன் என்றார். சொல்லும்போது அவர் விரல்கள், கையில் இல்லாத தோட்டா ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தன. உங்கள் விரல்கள் மாதிரியே இருந்தது அப்பா. நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். பட்டறைச் சாமான்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போடப்போவதாகத் தங்கச்சி சொன்னாள். உலையையும் துருத்தியையும் கொடுத்தாலும் கம்பியச்சை மட்டும் எனக்கு வையுங்கள். வந்ததும் ஒன்று கேட்க வேண்டும். முப்பது வருஷம் கம்பி இழுத்தும் அந்தத் துளைகள் தேய்ந்து பெரிதாகாமல் எப்படி வைத்திருந்தீர்கள்?

அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்